டீசல் பிக்கப்புக்கு பேட்டரி மாத்தணும்: ஒண்ணா, ஜோடியா? ஏஜிஎம்மா, சாதாவா?

#1 இருட்டு_ஹெட்லைட்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ராம் 2500, என்ஜின் 5.9 கம்மின்ஸ் காமன் ரெயில். பானட்டைத் திறந்தா இடது மூலையில ஒண்ணு, வலது மூலையில ஒண்ணுன்னு ரெண்டு 12 வோல்ட் பேட்டரி. குரூப் 65 சைஸ், லேபிள்ல 750 சிசிஏ (குளிர்ல ஸ்டார்ட் பண்ணத் தர்ற கரண்ட், ஆம்ப் கணக்குல). ரெண்டையும் ஒரே நேரத்துல போட்டது, இப்ப அஞ்சாவது வருஷம்.

தினமும் எடுத்தா ஒரு குறையும் இல்ல. ரெண்டு மூணு நாள் நிறுத்தி வச்சுட்டு காலையில சாவி போட்டா செல்ஃப் சோம்பலா சுத்துது. ரொம்ப நேரம் பிடிச்சுத்தான் என்ஜின் எடுக்குது. மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், இடது 12.3, வலது 12.3. ரெண்டும் சமமா காட்டுறதால ரெண்டும் ஒரே அளவுல வீக்னு எடுத்துக்கலாமா?

கேட்க நினைச்சது மூணு விஷயம். ஒண்ணு மட்டும் மாத்தினா போதுமா? ஏஜிஎம் (ஆசிட்டை கண்ணாடி நார் பாய்ல உறிஞ்சி வச்ச, மூடி திறக்காத பேட்டரி) போடலாமா, சாதா ஆசிட் பேட்டரியே போதுமா? அதே சைஸ்ல 1000 ஆம்ப்னு லேபிள் போட்ட ஒண்ணு பாத்தேன், 750-ஐ விட அது நல்லதா?

#2 செல்ஃப்மோட்டார்

தம்பி, வண்டியில கேபிள் மாட்டியிருக்கும்போது அளந்தா ரெண்டும் சமமாத்தான் காட்டும். பேரலல்ல இணைஞ்சிருக்கு, பிளஸ்ஸும் பிளஸ்ஸும் ஒண்ணு, மைனஸும் மைனஸும் ஒண்ணு. அந்த 12.3 ரெண்டுக்கும் பொதுவான வோல்டேஜ். எது நல்லது எது செத்ததுன்னு அதுல ஒண்ணும் தெரியாது.

ரெண்டு மைனஸையும் கழட்டிட்டு ரெண்டையும் தனித்தனியா சார்ஜர்ல நிறைய ஏத்துங்க. அப்புறம் ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க. சார்ஜர்ல இருந்து எடுத்த சூட்டோட அளந்தா பிளேட் மேல தங்கின சார்ஜ் வோல்டேஜைக் கூட்டிக் காட்டிப் பொய் சொல்லும். காலையில அளந்து நம்பரைப் போடுங்க. அதுக்கு முன்னாடி எந்தப் பேட்டரி வாங்கலாம்னு பேசறது வீண்.

#3 கிலோவாட்

மேலே சொன்னதுக்கு நம்பர் சேர்க்கிறேன். சாதா ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. ஏஜிஎம் கொஞ்சம் மேலே நிற்கும், நிறைந்திருந்தால் 12.8 சுற்றில்.

வோல்டேஜ் மட்டும் போதாது. லோடு டெஸ்டர் கிடைத்தால் சிசிஏ எண்ணில் பாதி ஆம்பியரை, உங்களுக்கு 375, பதினைந்து வினாடி இழுத்துப் பாருங்கள். 21 டிகிரி சுற்றில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிராக இருந்தால் அந்த வரம்பும் கொஞ்சம் இறங்கும். கையடக்க கண்டக்டன்ஸ் டெஸ்டரும் பரவாயில்லை. ஆனால் அது சிசிஏயை ஊகிக்கிறது, அளப்பதில்லை. சார்ஜ் குறைந்த பேட்டரியில் அது சொல்வதை நம்ப வேண்டாம்.

மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரை (ஆசிட் அடர்த்தியை அளக்கும் கருவி) விட்டு ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். முழுச் சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை வரும். ஐந்து செல் நன்றாக இருந்து ஒரு செல் மட்டும் 0.050 குறைந்தால் அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

#4 டோ_ஹிட்ச்

இவ்வளவு எதுக்குங்க? அஞ்சு வருஷம் ஓடிடுச்சு, ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு ரெண்டு மாட்டிட்டு போகவேண்டியதுதானே.

#5 செல்ஃப்மோட்டார்

மாட்டிட்டு போகலாம். ஆனா நிறுத்தி வச்சா மட்டும்தான் வீக் ஆகுதுன்னு எழுதியிருக்காரு. எங்கயோ கரண்ட் ஒழுகுதுன்னா புதுசையும் அது தின்னும். அளக்காம மாத்தற பேட்டரி என் கடைக்கு எப்படியும் திரும்பி வரும், வாரண்டி சண்டையோட.

#6 இருட்டு_ஹெட்லைட்

சொன்ன மாதிரி செஞ்சாச்சு. தனித்தனியா சார்ஜ் ஏத்தி ராத்திரி விட்டு அளந்ததுல இடது 12.62, வலது 12.05. தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல லோடு டெஸ்ட் பண்ணினோம். இடது 10.3ல நின்னுச்சு. வலது 8.7க்கு இறங்கி இன்னும் கீழ போயிட்டே இருந்துச்சு.

வலது பேட்டரியோட மேல் பட்டையை நெம்பினா மூடி திறந்துச்சு. ரெண்டு செல்லுல ஆசிட் பிளேட்டுக்குக் கீழ. இடதுல எல்லாம் சரியா இருக்கு. ஒரே நேரத்துல போட்ட ஒரே பேட்டரி, ஒண்ணு மட்டும் ஏன் இப்படி? இடது இவ்வளவு நல்லா இருக்கும்போது அதை ஏன் தூக்கணும்?

#7 கிலோவாட்

ஏன் வலது என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. இந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் வலது பக்கம். இன்டேக் இடது பக்கம். ஆகவே வலது பேட்டரி நிரந்தரமாக அதிகச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஈய அமில பேட்டரிக்கு வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் எவ்வளவு வோல்ட் தர வேண்டும் என்பதை என்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்காக அது பார்க்கும் வெப்ப சென்சார் இடது பேட்டரித் தட்டின் அடியில் இருக்கிறது. சூடான பேட்டரிக்குச் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும், டிகிரிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட். வலது பேட்டரி இடதை விட 15 டிகிரி சூடாக இருந்தால் அதற்கு 0.3 வோல்ட் குறைவாகக் கொடுத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, இடதைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே வோல்டேஜைக் கொடுக்கிறது. வலது கொஞ்சம் கொஞ்சமாக ஓவர் சார்ஜ் ஆகித் தண்ணீரை இழந்திருக்கிறது. நீங்கள் பார்த்த வறண்ட செல்கள் அதற்குப் பொருந்துகின்றன.

#8 டோ_ஹிட்ச்

அப்ப வலது மட்டும் மாத்துங்க, அவ்வளவுதான். இடது டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கு. நல்லா இருக்கற பேட்டரியை எதுக்கு எறியணும்?

#9 செல்ஃப்மோட்டார்

ஹிட்ச் தம்பி, பாஸ் ஆனதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அஞ்சு வயசு. புதுசு ஒண்ணைப் பக்கத்துல கட்டினா என்ன நடக்கும்? செல்ஃப் அடிக்கும்போது உள்தடை குறைஞ்ச புதுசுதான் பெரும்பங்கு கரண்டைக் கொடுக்கும். வண்டி நிக்கும்போது பழசுல ஒரு செல் மெல்ல ஷார்ட் ஆனா புதுசு ராத்திரி முழுக்க அதுக்குள்ள ஊத்திட்டு இருக்கும். ரெண்டு மாடு பூட்டின ஏர்ல ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் நிக்கும்.

#10 கிலோவாட்

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். “பழசு புதுசைக் கொல்லும்” என்பதை எல்லாரும் மந்திரம் போலச் சொல்கிறார்கள். ஒரே வகை, ஒரே சைஸ், பழையது ஒரு வருடத்துக்குள், தனியாக டெஸ்டில் தேறியது என்றால் ஒன்றை மட்டும் மாற்றுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஓய்வு வோல்டேஜ் வித்தியாசம் சின்னது, இடையில் ஓடும் கரண்டும் சின்னது. பழையதில் செல் ஷார்ட் ஆகும்போதுதான் ஆபத்து. ஐந்தாவது வருடத்தில் அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த வண்டிக்கு என் முடிவும் ஜோடிதான். காரணம் வயது.

எப்படிப் பார்த்தாலும் கலக்கக் கூடாதது வகை. ஒரு பக்கம் ஏஜிஎம், மறுபக்கம் சாதா என்று கட்டினால் ஒன்று எப்போதும் அரைகுறைச் சார்ஜில் இருக்கும், மற்றது அளவுக்கு மீறி வாங்கும்.

#11 இருட்டு_ஹெட்லைட்

ஜோடின்னு முடிவு பண்ணிட்டேன். இடதை எறிய மாட்டேன், வீட்டு ஷெட்டுல விளக்குக்கு வச்சுக்கறேன். 1000 ஆம்ப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே?

#12 கிலோவாட்

அந்த லேபிளை மறுபடி பாருங்கள். 1000க்குப் பக்கத்தில் சிசிஏ என்று இருக்கிறதா, வெறும் சிஏ என்று இருக்கிறதா?

சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 வினாடி இழுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரக்கூடிய கரண்ட். அது அமெரிக்க எஸ்ஏஇ முறை. சிஏ அல்லது எம்சிஏ என்பது அதே சோதனை 0 டிகிரியில். சூடு கூடினால் எண்ணும் கூடும், ஆகவே 1000 சிஏ போட்ட பேட்டரி சிசிஏயில் 800 சுற்றில்தான் வரும். ஐரோப்பிய இஎன் எண் வேறு. அங்கேயும் மைனஸ் 18தான், ஆனால் 10 வினாடியில் 7.5 வோல்ட் என்று பார்க்கிறார்கள். பழைய ஜெர்மன் டின் முறை இன்னும் கடுமையானது, 30 வினாடி கழித்து 9 வோல்ட் நிற்க வேண்டும். அதே பேட்டரிக்கு டின் எண் இஎன் எண்ணில் ஏறக்குறைய அறுபது சதவீதமாகத் தெரியும். எந்த முறை என்று தெரியாமல் இரண்டு லேபிள்களை ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்.

#13 இருட்டு_ஹெட்லைட்

சிஏதான்! பக்கத்துல சின்ன எழுத்துல 810 சிசிஏன்னு இருக்கு. பெரிய எழுத்துல 1000.

#14 செல்ஃப்மோட்டார்

அதான் விஷயம். நிஜமாவே சிசிஏ ரொம்ப அதிகமா இருந்தாலும் உடனே சந்தோஷப்படாதீங்க. அதே பெட்டிக்குள்ள சிசிஏயை ஏத்தணும்னா பிளேட்டை மெலிசா பண்ணி எண்ணிக்கையைக் கூட்டணும். மெலிசுப் பிளேட் சூட்டுல சீக்கிரம் அரிச்சுக் கொட்டும். வெயில்ல ஓடற வண்டிக்கு நான் முதல்ல பாக்கிறது ரிசர்வ் கெப்பாசிட்டி. 25 ஆம்ப் இழுத்தா 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிஷம்னு போட்டிருப்பான். 150 போட்டது 120 போட்டதை விட மேல்.

ரெண்டு பேட்டரி ஒரே சைஸ், ஒரே வகைன்னா கையில தூக்கிப் பாருங்க. கனமானதுல ஈயம் அதிகம். கடைக்காரன் முறைப்பான், பரவால்ல.

#15 பனிச்சாலை

சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இருக்கும் இடத்தில் குளிர்காலத்தில் மைனஸ் 20க்குக் கீழே சாதாரணமாகப் போகும். இங்கே சிசிஏதான் உயிர். மைனஸ் 18ல் ஈய அமில பேட்டரி தன் பலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். அதே நேரம் எண்ணெய் கெட்டியாகி என்ஜின் சுற்றுவதற்கே அதிக பலம் கேட்கும். 17:1 கம்ப்ரெஷன் வேறு. கம்மின்ஸில் ஹீட்டர் பிளக் இல்லை, உள்ளே போகும் காற்றைச் சூடாக்க இன்டேக்கில் கிரிட் ஹீட்டர். ரெண்டு சுருள், ஒவ்வொன்றும் 95 ஆம்ப் சுற்றில், சேர்த்து 190. செல்ஃப் அடிப்பதற்கு முன்பே அவ்வளவு போய்விடுகிறது.

இங்கே நாங்கள் ஏஜிஎம்தான் போடுகிறோம். உள்தடை குறைவு, வேகமாகச் சார்ஜ் வாங்கும், அதிர்ச்சியைத் தாங்கும். இறங்கிப்போன சாதா பேட்டரி குளிரில் உறைந்து பெட்டியே வெடித்துப் பார்த்திருக்கிறேன். முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50க்கும் உறையாது. முக்கால்வாசி இறங்கினது மைனஸ் 15 சுற்றிலேயே உறையும்.

#16 செல்ஃப்மோட்டார்

உங்க ஊருக்கு ஏஜிஎம் சரி சார். கேள்வி கேட்டவரு வண்டியில வலது பேட்டரி டர்போ பக்கத்துல வறண்டு செத்திருக்கு. ஏஜிஎம்முக்கு அது மோசமான இடம். உள்ள இருக்கிற கொஞ்ச ஆசிட்டை கண்ணாடி நார் பாய் உறிஞ்சி வச்சிருக்கும். ஓவர் சார்ஜ் ஆகி வால்வு வழியா ஒரு தடவை வெளிய போச்சுன்னா திரும்ப ஊத்த வழியில்ல. சாதாவுல மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தலாம். நிறைய கார்கள்ல ஏஜிஎம்மை டிக்கிலயும் சீட்டுக்கு அடியிலயும் வைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

#17 கிலோவாட்

இடையில் இஎஃப்பி என்று ஒன்று இருக்கிறது. சாதா ஆசிட் பேட்டரிதான், பிளேட்டில் கூடுதல் பலம், பாசிட்டிவ் பிளேட்டின் மேல் மெல்லிய துணி போன்ற படலம். அடிக்கடி ஸ்டார்ட் பண்ணி நிறுத்தும் வண்டிகளுக்காக வந்தது. சாதாவை விட அதிகச் சுழற்சி தாங்கும், சூட்டை ஏஜிஎம்மை விட நன்றாகப் பொறுக்கும். உங்கள் சைஸில் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். கிடைக்காவிட்டால் மூடி திறக்கிற நல்ல சாதா. பனிச்சாலை சொன்ன நிலைமையில் நான் இருந்தால் ஏஜிஎம்.

#18 லித்தியம்_ராஜா

2 ஈயக் கட்டியைத் தூக்கிட்டு ஏன் அலையறீங்க? ஒரே ஒரு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி) போட்டா எடை பாதிக்கும் குறைவு, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் அசையாது, ஆயுள் பல மடங்கு. எல்லாரும் 1859ல பிளான்டே கண்டுபிடிச்சதையே கட்டிட்டு அழறீங்க 😄

#19 கிலோவாட்

எல்எஃப்பி நல்ல தொழில்நுட்பம், என் கேம்பரின் பின்பக்கத்தில் ஒன்று இருக்கிறது. பானட்டுக்குள் வைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெடும், அதனால் நல்ல பேட்டரியில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். சூடு ஒரு வரம்பைத் தாண்டினாலும் அப்படித்தான். ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று தொடர்பை அறுத்தால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். ஆல்டர்னேட்டர் டயோடும் கம்ப்யூட்டரும் அதை வாங்கிக்கொள்ளும். ஸ்டார்டருக்கென்றே செய்த எல்எஃப்பி இருக்கிறது, ஆனால் அதையும் டர்போ பக்கத்தில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

#20 லித்தியம்_ராஜா

சரி, சரி. பின்பக்கம்னா ஒத்துக்கறீங்கல்ல, அது போதும்.

#21 டோ_ஹிட்ச்

ராஜா, என்ன வின்ச் வச்சிருக்கீங்க? நானும் கேரவனுக்கு ஒரு தனி பேட்டரி மாட்டலாம்னு

#22 மட்டுறுத்துநர்

வின்ச், கேரவன், ஆடியோ ஆம்பிளிஃபயர் பேச்சு எல்லாவற்றையும் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். ஒரு குறிப்பு மட்டும்: ஸ்டார்ட்டுக்காக பேரலல்ல இருக்கும் ஜோடியும், தங்கும்போது விளக்கு எரிக்க ஐசொலேட்டர் (மெயின் பேட்டரியிலிருந்து பிரித்து வைக்கும் கருவி) போட்டு வைக்கும் துணை பேட்டரியும் வேறு வேறு அமைப்பு. ஒன்றுக்குச் சொன்ன விதி மற்றதற்குப் பொருந்தாது. இங்கே முதல் வகையை மட்டும் பேசுங்கள்.

#23 வெறும்வாசகன்

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். என் டீசல் பிக்கப் ஜப்பான் வண்டி, ஒரே பேட்டரி. மேல 115டி31எல்னு போட்டிருக்கு. 95டி31ஆர் ஒண்ணு சும்மா கிடைக்குது, போட்டுக்கலாமா?

#24 செல்ஃப்மோட்டார்

முன்னால இருக்கற 115, 95 ரெண்டும் திறன் வரிசை. பெருசுன்னா பலம் அதிகம். டி உயரம் அகலத்தோட வகுப்பு, 31 நீளம் சென்டிமீட்டர்ல. கடைசி எழுத்து எந்தப் பக்கம் பிளஸ்ங்கிறது. எல் இருக்கற இடத்துல ஆர் வச்சா பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிடும், கேபிள் எட்டாது. எட்ட வைக்கறேன்னு இழுத்தா கேபிள் பானட்லயோ பாடிலயோ உரசும். சும்மா கிடைச்சாலும் வேண்டாம்.

#25 கிலோவாட்

ஐரோப்பிய சைஸிலும் இதே கவனம் வேண்டும். எச்7 என்றாலும் எல்4 என்றாலும் 94ஆர் என்றாலும் ஒரே பெட்டி, நீளம் சுமார் 315 மில்லிமீட்டர். எச்6 278. பெட்டி உட்கார்ந்தால் போதாது, கீழ்க் கிளாம்ப் பிடிக்க வேண்டும். பிக்கப் அதிர்வில் பிளேட் உடைவதற்குப் பெரும்பாலும் தளர்ந்த கிளாம்ப்தான் காரணம்.

#26 பனிச்சாலை

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனஸ் டெர்மினலில் சின்னக் கறுப்புப் பெட்டி மாதிரி சென்சார் இருந்தால், பேட்டரி மாற்றியதைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்து அதற்கேற்ப சார்ஜ் கொடுக்கும். கூடுதல் விளக்கு, ரேடியோ மாட்டினால் அதன் எர்த்தை பாடியில் கொடுங்கள். மைனஸ் முனையில் நேரடியாகக் கொடுத்தால் சென்சாருக்கு அந்தக் கரண்ட் தெரியாது. இருட்டு ஹெட்லைட் வண்டி பழசு, அவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

#27 இருட்டு_ஹெட்லைட்

குரூப் 65ல இஎஃப்பி எங்க கேட்டும் கிடைக்கல. மூடி திறக்கிற சாதா பேட்டரி 750 சிசிஏ, ரிசர்வ் 150 நிமிஷம், அதுதான் முடிவு. வாங்கும்போது வேற என்ன பாக்கணும்?

#28 செல்ஃப்மோட்டார்

தேதி. பெரும்பாலான பெட்டியில எழுத்தும் எண்ணுமா ஒரு குறி இருக்கும். ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படிப் போகும். பக்கத்து எண் வருஷத்தோட கடைசி இலக்கம். சி4னா 2024 மார்ச். மூணு மாசத்துக்கு மேல அலமாரியில உக்காந்ததை வாங்காதீங்க, கடையில ரீசார்ஜ் பண்ணி வச்சிருந்தா ஒழிய. மீட்டரைக் கையோட கொண்டு போங்க. 12.4க்குக் கீழ காட்டினா திருப்பிக் கொடுத்துடுங்க, உள்ள சல்ஃபேட் படிய ஆரம்பிச்சிருக்கும். ரெண்டுக்கும் ஒரே தேதி கிடைச்சா நல்லது.

பிராண்டைப் பத்தி ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க. கிளாரியோஸ், ஈஸ்ட் பென் மாதிரி சில பெரிய தொழிற்சாலைங்கதான் பல பேர்ல ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புது. வாரண்டியில முழு மாற்று எத்தனை மாசம், அதுக்கப்புறம் விலையில கழிவு எத்தனை மாசம்னு மட்டும் படிங்க.

#29 கிலோவாட்

மாட்டும் முன் இரண்டையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். ஆல்டர்னேட்டரை நம்பி அரைச் சார்ஜில் மாட்டினால் அது மணிக்கணக்கில் முழு மூச்சாக வேலை செய்து சூடாகும்.

கழட்டும்போது இரண்டு பேட்டரியின் மைனஸையும் முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மைனஸை மட்டும் கழட்டிவிட்டு அதே பக்கம் பிளஸ்ஸைத் தொட்டால், அந்தப் பிளஸ் கேபிளில் எதிர்ப் பக்கப் பேட்டரியின் 12 வோல்ட் உயிரோடு இருக்கும். கேபிள் முனை பாடியில் பட்டால் வெல்டிங்தான். மாட்டும்போது பிளஸ் இரண்டும் முதலில், மைனஸ் இரண்டும் கடைசியில். மோதிரத்தைக் கழட்டிவிடுங்கள்.

#30 செல்ஃப்மோட்டார்

மோதிரம் சொன்னீங்களே, நல்லது. நான் சொல்ல நினைச்சு விட்டது.

மாட்டி முடிச்சதும் யாரையாவது சாவி போடச் சொல்லிட்டு மீட்டரை ரெண்டு பேட்டரியோட பிளஸ் முனைக்கும் நடுவுல வைங்க. ஈய முனையிலேயே, கிளாம்ப் மேல இல்ல. செல்ஃப் சுத்தும்போது 0.2க்கு மேல காட்டினா குறுக்குக் கேபிளோ கிளாம்ப்போ பச்சை பூத்திருக்கு, தூரத்துப் பேட்டரி சும்மா வேடிக்கை பாக்குதுன்னு அர்த்தம். பேட்டரி பிளஸ்ல இருந்து ஸ்டார்டர் போல்ட்டு வரைக்கும் 0.5 தாண்டக் கூடாது. என்ஜின் பிளாக்ல இருந்து மைனஸ் முனைக்கு 0.3க்குள்ள.

#31 இருட்டு_ஹெட்லைட்

மாட்டியாச்சு. செல்ஃப் சும்மா பறக்குது. ஆனா ரெண்டு பிளஸ்ஸுக்கும் நடுவுல 0.8 வோல்ட்! வலது பக்க கிளாம்ப்பைப் பிரிச்சா உள்ள பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கு. அப்ப வலது பேட்டரி செத்ததுக்கு இதுதான் காரணமா? சார்ஜே போய்ச் சேரலையா?

#32 செல்ஃப்மோட்டார்

அதேதான். நான் சொல்லல?

#33 கிலோவாட்

அண்ணே, இதை நான் ஒத்துக்க மாட்டேன். செல்ஃப் சுத்தும்போது அந்தக் கேபிளில் 300 ஆம்ப் போனதாக வைத்துக்கொள்வோம். 0.8 வோல்ட் இறக்கம் என்றால் தடை சுமார் 2.7 மில்லிஓம். சார்ஜ் ஆகும்போது 20 ஆம்ப்தான் போகும். அப்போது இழப்பு 0.05 வோல்ட், கண்டுகொள்ள வேண்டிய அளவே இல்லை. சார்ஜ் குறைந்து செத்திருந்தால் பிளேட்டில் சல்ஃபேட் இருக்கும், தண்ணீர் அப்படியே இருந்திருக்கும். இவர் பார்த்தது வறண்ட செல். கிளாம்ப் பூத்ததுகூட ஓவர் சார்ஜில் ஆசிட் ஆவி வெளியே வந்ததால் இருக்கலாம்.

#34 செல்ஃப்மோட்டார்

ஆவி விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். அதே மாதிரி ரெண்டு மூணு வண்டி பாத்திருக்கேன், டர்போ பக்கம் மட்டும் பூத்திருக்கும். எப்படியோ கிளாம்ப்பைச் சுத்தம் பண்ணாம விட்டா இவரு ஒத்தைப் பேட்டரியில ஸ்டார்ட் பண்ற மாதிரிதான். இடதுதான் உழைக்கும். சோடா மாவு கலந்த தண்ணி ஊத்திக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, காய வச்சு மாட்டி, மேல கிரீஸ் தடவுங்க. கிரீஸ் முறுக்கினதுக்கு அப்புறம்தான், நடுவுல இல்ல. கேபிளோட தோலுக்குள்ள பச்சை ஏறியிருந்தா கேபிளையே மாத்துங்க.

#35 பனிச்சாலை

முதல் பதிவில் இருந்த விஷயம் இன்னும் தீரவில்லையே. நிறுத்தி வைத்தால் இறங்குகிறது என்றாரே?

#36 இருட்டு_ஹெட்லைட்

ஆமா, அதுதான் இப்ப பாக்கப்போறேன். ரெண்டு பேட்டரி இருக்கும்போது ஒழுகற கரண்டை எப்படி அளக்கறது?

#37 கிலோவாட்

வலது மைனஸை முழுதாகக் கழட்டி ஓரமாக வையுங்கள். இடது மைனஸுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்ப் நிலையில் தொடராக இணையுங்கள். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒன்றையும் கழட்ட வேண்டியதில்லை, இரண்டு மைனஸ் கேபிளிலும் படித்துக் கூட்டினால் போதும். கதவைச் சாத்தி அரை மணி நேரமாவது காத்திருங்கள், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு ஆகும். மீட்டர் தொடரில் இருக்கும்போது சாவி போடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லிஆம்புக்குள் இருந்தால் கவலை இல்லை.

#38 இருட்டு_ஹெட்லைட்

420 மில்லிஆம்ப்! ஃப்யூஸ் ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாத்ததுல மாட்டிக்கிச்சு. போன வருஷம் மாட்டின டாஷ்கேம், முன்னும் பின்னும் ரெண்டு கேமரா, நிறுத்தின பிறகும் படம் பிடிக்கற மோட்ல இருக்கு. அந்த ஃப்யூஸை எடுத்தா 30 மில்லிஆம்ப்.

#39 கிலோவாட்

கேமரா மட்டும் 0.39. மூன்று நாள், 72 மணி நேரம் என்றால் 28 ஏஎச் (ஆம்பியர்-மணி). உங்கள் ஜோடி சேர்ந்து 140 ஏஎச் இருக்கும் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. புதுப் பேட்டரியில் அது தெரியாது. வலது செத்த பிறகு இடது மட்டும் அந்தச் சுமையைத் தாங்கியிருக்கிறது, அதற்கு அது ஐந்தில் இரண்டு பங்கு. காமன் ரெயில் என்ஜினில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்தம் ஏறத் தாமதமாகும், அழுத்தம் ஏறாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. ரொம்ப நேரம் பிடிச்சு எடுக்குது என்றது அதுதான்.

#40 டோ_ஹிட்ச்

கேமராவுக்கு 12.2ல கட் ஆகற கருவி வருது. இல்லைன்னா சாவியோட ஆஃப் ஆகற ஃப்யூஸ்ல மாத்திடுங்க.

#41 இருட்டு_ஹெட்லைட்

சாவி ஃப்யூஸுக்கே மாத்திட்டேன். கிளாம்ப் கழுவி மாட்டினதுல இப்ப ரெண்டு பிளஸ்ஸுக்கும் நடுவுல 0.1. வலது பேட்டரிக்கு வெப்பத் தடுப்பு உறை ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன். வருஷம் ஒரு தடவை இடதையும் வலதையும் இடம் மாத்தினா ரெண்டும் சமமா தேயும்னு ஒருத்தர் சொன்னார், அது பலன் தருமா?

#42 கிலோவாட்

கெடுதல் இல்லை. சூடு இரண்டுக்கும் பங்காகும், அடுத்த முறை ஜோடியாக மாற்றவும் மனம் வரும். நான் செய்ய மாட்டேன், முதுகு வலி.

#43 செல்ஃப்மோட்டார்

இடம் மாத்தறதை விட வெயில் காலத்துல மாசம் ஒரு தடவை வலதுல தண்ணி பாருங்க. பிளேட் மேல அரை விரல் அளவு நிக்கணும், அதுக்கு மேல ஊத்தாதீங்க, ஆசிட்டும் ஊத்தாதீங்க. கொஞ்ச நாள் ஓடினதும் ரெண்டு பக்க கிளாம்ப்பையும் இன்னொரு தடவை ஸ்பேனர் வச்சு முறுக்குங்க, புது ஈய முனை கொஞ்சம் அமுங்கித் தளரும்.